ஃபிப்-4 குறியீடு
நாள்பட்ட ஹெபடைடிஸ் நோயாளியின் கல்லீரலில் எவ்வளவு தழும்பேறியிருக்கிறது என்பதை, ஊசி குத்தித் திசு எடுக்காமல், ரத்தப் பரிசோதனை எண்களைக் கொண்டே கணிக்கும் அளவு. எச்.ஐ.வி.யும் ஹெபடைடிஸ் சி-யும் சேர்ந்து தொற்றியவர்களுக்காக 2006-இல் வகுக்கப்பட்டது. வயதை எஸ்.ஜி.ஓ.டி. என்ற கல்லீரல் நொதியின் அளவால் பெருக்க வேண்டும். அதை, பிளேட்லெட் எண்ணிக்கையை இன்னொரு நொதியான எஸ்.ஜி.பி.டி.யின் வர்க்கமூலத்தால் பெருக்கிவரும் தொகையால் வகுக்க வேண்டும். பிளேட்லெட்டை ஆயிரக்கணக்கில் எழுதவேண்டும். ஒரு லட்சம் என்றால் 100. இங்கேதான் பலரும் தவறுவார்கள். வயது 50, எஸ்.ஜி.ஓ.டி. 80, எஸ்.ஜி.பி.டி. 64, பிளேட்லெட் ஒரு லட்சம் என்றால் விடை 5.

1.45-க்குக் கீழே முற்றிய தழும்பு இருக்க வாய்ப்புக் குறைவு, 3.25-ஐத் தாண்டினால் அதிகம். இடைப்பட்டவர்களுக்குக் கல்லீரலின் விறைப்பை அளக்கும் ஃபைப்ரோஸ்கேன் தேவைப்படும். தழும்பு முற்றும்போது மண்ணீரல் வீங்கிப் பிளேட்லெட்டைப் பிடித்துவைத்துக்கொள்வதால்தான் அது கணக்கில் சேர்ந்தது. டெங்குக் காய்ச்சலிலும் பிளேட்லெட் குறைவதால், அப்போது பார்த்தால் எண் வீணாக ஏறும்.