கையொப்பம் திரட்டிய கறுப்பர்

நூலை எழுதி முடிப்பது ஒரு பாடு. அதனை வாசிப்பவர் கையில் சேர்ப்பது வேறொரு பாடு. இன்று முகநூலிலும் இன்ஸ்டகிராமிலும் தம் நூலின் அட்டையை வெளியிட்டு, அன்பர்களின் பெயர்களை அதனுடன் இணைத்து, வந்த பாராட்டுரைகளை மீண்டும் மீண்டும் எடுத்துக் காட்டும் எழுத்தாளர்களைக் கண்டு, 'எழுதுகிறவருக்கு இந்த வேலை எதற்கு?' என முகஞ்சுளிப்போர் நம்மிடையே உளர். இந்த வேலை புதிதன்று. முகநூல் தோன்றிய 2004ஆம் ஆண்டுக்கு 215 ஆண்டுகள் முன்னரே, லண்டன் மாநகரில் ஒருவர் இதனைக் குறைவறச் செய்து காட்டினார். ஒரு காலத்தில் சந்தையில் விற்கப்பட்ட அடிமை அவர். ஒலாவுதா ஈக்வியானோ என்பது அவர்தம் பெயர். எசமானர் ஒருவர் சூட்டிய குஸ்தாவஸ் வாசா என்ற பெயராலேயே அவர் அன்றாட வாழ்வில் அறியப்பட்டார்.

அவர்தம் வரலாற்றை விரித்துரைப்பது ஈண்டு நம் நோக்கமன்று. எனினும் ஒரு செய்தியைச் சொல்லாமல் செல்லுதல் இயலாது. மேற்கிந்தியத் தீவுகளில் கப்பலில் ஊழியம் செய்த காலத்தில், மூன்று பென்சுக்கு ஒரு கண்ணாடிக் குவளையை ஒரு தீவில் வாங்கி, மற்றொரு தீவில் ஆறு பென்சுக்கு விற்றார். இவ்வாறு தொடங்கிய சில்லறை வாணிகத்தில் சிறுகச் சிறுகச் சேர்த்து, 1766இல் நாற்பது பவுன் கொடுத்துத் தம்மையே தாம் விலைக்கு வாங்கி விடுதலை பெற்றார். குவளை விற்ற அந்தக் கை பின்னர் நூல் விற்றபோது எவ்வளவு திறமாக விற்றது என்பதை இனிக் காண்போம்.

அக்காலத்து இங்கிலாந்தில் நூலாசிரியர்கள் பெரும்பாலும் உரிமையைப் பதிப்பாளரிடம் ஒரு தொகைக்கு விற்றுவிடுவர். பின்னர் அந்நூல் எத்தனை பதிப்புக் கண்டாலும் அவர்களுக்கு ஒரு காசும் சேராது. மற்றொரு வழியும் இருந்தது. அது கையொப்பம் திரட்டும் வழி. நூல் அச்சேறுமுன் அறிக்கை வெளியிட்டு, வாங்க இசைவோரிடம் கையொப்பமும் முன்பணமும் பெற்று, அப்பணத்தைக் கொண்டு அச்சிட்டு, கையொப்பமிட்டோர் பெயர்களை நூலின் முகப்பிலேயே வரிசையாகப் பதிப்பிக்கும் முறை அது. நம் பழம் நூல்களில் சிறப்புப்பாயிரம் தந்த புலவர்களின் பெயரும், பொருளுதவி செய்த வள்ளல்களின் பெயரும் முன்னே நிற்பதைக் கண்டவர்களுக்கு இதன் சுவை எளிதில் விளங்கும்.

ஈக்வியானோ இவ்வழியையே தேர்ந்தார். உரிமையையும் தம்மிடமே வைத்துக்கொண்டார். 1789ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் வெளிவந்த அவர்தம் தன்வரலாற்றின் முதற்பதிப்பில் முந்நூற்றுக்கு மேற்பட்டோர் பெயர்கள் இருந்தன. தலைப்பில் வேல்ஸ் இளவரசர். அடுத்து யார்க் கோமகன். பின்னர் மெதடிஸ்ட் சமயத் தலைவர் ஜான் வெஸ்லி, மட்பாண்டத் தொழிலதிபர் ஜோசையா வெட்ஜ்வுட், அடிமை வாணிக எதிர்ப்பாளர்களான கிரான்வில் ஷார்ப், தாமஸ் கிளார்க்சன், இவர்களோடு அவரைப் போலவே அடிமைத்தளையிலிருந்து மீண்ட ஒட்டோபா குகோவானோ. இளவரசரும் முன்னாள் அடிமையும் ஒரே பட்டியலில்! சொல்லப்போனால், அந்தப் பட்டியலே ஒரு வாதம். நாடாளுமன்றத்தில் அடிமை வாணிகம் பற்றிய விவாதம் தொடங்கவிருந்த வேளை அது. 'இம்மனிதரின் சொல்லை நாங்கள் நம்புகிறோம்' என்று முந்நூறு பேர் சான்று பகர்ந்ததாகவே அதனைக் கொள்ள வேண்டும்.

நூல் வெளிவந்ததோடு அவர் வீட்டில் அமர்ந்துவிடவில்லை. பர்மிங்காம், மான்செஸ்டர், ஷெபீல்டு, நாட்டிங்காம் என ஊர் ஊராகச் சென்றார். செல்லுமுன் அவ்வூர்ப் பெரியோருக்கு அறிமுகக் கடிதம் பெற்றுக்கொள்வார். கேம்பிரிட்ஜ் அறிஞர் ஒருவருக்குக் கிளார்க்சன் கடிதம் தந்தார். கேம்பிரிட்ஜிலிருந்து பெக்கார்டும் கடிதம் தந்தார். ஓர் ஊரின் நட்பு அடுத்த ஊரின் கதவைத் திறந்தது. ஊரை விட்டுப் புறப்பட்டதும், தமக்கு உதவியோர் பெயர்களைக் குறிப்பிட்டு உள்ளூர்ச் செய்தித்தாளில் நன்றிக் கடிதம் வெளியிடுவார். பெயர் கண்டவர் மகிழ்வர். பெயர் காணாதவர் அடுத்த முறை நூல் வாங்குவர்! இக்கடிதங்கள் அடுத்த பதிப்பின் முகப்பில் ஏறின. பதிப்புத்தோறும் பட்டியல் நீண்டது.

1791இல் அயர்லாந்து சென்று எட்டுத் திங்கள் தங்கினார். அங்கு மட்டும் 1900 படிகள் விற்றதாக அவரே ஒரு கடிதத்தில் எழுதியிருக்கிறார். அக்கடிதத்திலேயே தமக்குத் திருமணம் நிகழவிருப்பதையும் கூறி, மணமகளோடு எட்டுப் பத்து நாள் இருந்துவிட்டு உடனே ஐந்தாம் பதிப்பை விற்க ஸ்காட்லாந்து புறப்படப் போவதாகத் தெரிவிக்கிறார். சூசன்னா கல்லன் என்னும் அம்மங்கையார் 1792 ஏப்ரலில் அவரை மணந்தார். நூலாசிரியரை மணப்பதன் இன்னலை அவர் முதல் வாரத்திலேயே அறிந்திருப்பார் போலும்.

ஸ்காட்லாந்தில் அவர் இருந்த வேளையில் லண்டன் செய்தித்தாள்கள் இரண்டு அவர்மீது பழி தூற்றின. அவர் ஆப்பிரிக்காவில் பிறந்தவர் அல்லர், டேனியருக்குரிய சாந்தா குரூஸ் தீவில் பிறந்தவர் என்பது அப்பழி. இது சிறு செய்தியன்று. ஆப்பிரிக்கக் கரையிலிருந்து கப்பலில் கொண்டுவரப்பட்ட கொடுமையைத் தாமே பட்டதாகக் கூறிய சாட்சியத்தைப் பொய்யாக்கும் முயற்சி அது. ஈக்வியானோ வெகுண்டெழுந்தார். இங்கிலாந்துக்கு முதன்முதல் வந்தபோது ஆப்பிரிக்க மொழியன்றி வேறு மொழி பேசாதிருந்த தம்மை அறிந்தவர்களின் பெயர்களை அடுத்த பதிப்பில் அச்சிட்டார். பல்லாண்டுகளாகச் சேர்த்த நட்பு இங்கேதான் கேடயமாயிற்று. (அவர் கரோலினாவில் பிறந்தவர் எனக் கூறும் 1759ஆம் ஆண்டின் ஞானஸ்நானப் பதிவேடு ஒன்றைக் கொண்டு, இக்காலத்து ஆய்வாளர் சிலர் அவ்வழக்கை மீண்டும் எழுப்பியுள்ளனர். பதிவேட்டில் எழுதியவன் சொல்லை நம்புவதா, நூல் எழுதியவன் சொல்லை நம்புவதா என்ற கேள்வி இன்னும் தீரவில்லை. சிறுவனாய் எசமானரின் கீழ் இருந்தவன் பெயரில் எழுதப்பட்ட ஒரு வரிக்கு அத்துணை எடை தருவது நமக்கு உடன்பாடன்று.)

நட்பு வலை கேடயமாவது போலவே கண்ணியாகவும் ஆகும். லண்டனில் அவர் தங்கியிருந்தது தாமஸ் ஹார்டி என்னும் செருப்புத் தைக்கும் தொழிலாளரின் இல்லத்தில். சாமானியருக்கும் வாக்குரிமை வேண்டுமெனக் கோரிய சங்கத்தை நிறுவியவர் இந்த ஹார்டி. ஈக்வியானோ தாம் நூல் விற்கச் சென்ற ஊர்களில் கண்ட நண்பர்களை ஹார்டிக்கு அறிமுகம் செய்துவைத்தார். பிரான்சுடன் போர் மூண்டபின் அரசாங்கத்தின் பார்வை மாறியது. 1794 மே மாதத்தில் ஹார்டி இராசத்துரோகக் குற்றம் சாட்டப்பட்டுக் கைதானார். அவர் வீட்டில் கைப்பற்றப்பட்ட தாள்களில் ஈக்வியானோ எழுதிய கடிதமும் இருந்தது. ஹார்டி அவ்வாண்டின் இறுதிக்குள் விடுதலையானார். ஆனால் ஒன்பதாம் பதிப்பு வெளிவந்த அந்த 1794க்குப் பின், ஈக்வியானோ தம் வாழ்நாளில் வேறு பதிப்பு எதனையும் வெளியிடவில்லை.

அதற்கு முந்திய ஆண்டில் அவர் வெட்ஜ்வுட்டுக்கு எழுதிய கடிதம் ஒன்று உண்டு. துறைமுக நகராகிய பிரிஸ்டலுக்கு நூல் விற்கச் செல்ல வேண்டும். ஆனால் போர்க்கப்பலுக்கு ஆள்பிடிப்போர் தம்மை வலிந்து இழுத்துச் செல்லக்கூடும். அவ்வாறு நேர்ந்தால் உதவ வேண்டும் என்பது அதன் பொருள். பல பதிப்புக் கண்ட ஆசிரியர், இளவரசரைப் பட்டியலில் கொண்டவர், தெருவில் நடக்கும்போது மீண்டும் பிடிபடுவோமோ என்று அஞ்சியே வாழ்ந்தார். கையொப்பப் பட்டியலின் உண்மையான பயன் அவருக்கு எதுவாயிருந்தது என்பதை இக்கடிதம் நமக்குக் காட்டுகிறது.

1797 மார்ச்சு 31இல் அவர் காலமானார். அடிமை வாணிகத்தை பிரிட்டன் தடை செய்தது அதற்குப் பத்தாண்டுகள் கழித்து, 1807இல். எஞ்சிய ஒரே மகள் ஜோவன்னா, 21 வயது நிறைந்தபின் 1816இல் தந்தை விட்டுச்சென்ற சொத்தாகப் பெற்றது சுமார் 950 பவுன்.