வேவுக்கண் பொதுக்கண் ஆன கதை

இந்தோனேசியாவின் ஆச்சே மாநிலத்தில், கடலோரமாக அமைந்த ஊர் லோக்ங்கா. அந்த ஊரை வானிலிருந்து பிடித்த இரண்டு படங்கள் 2005ஆம் ஆண்டின் தொடக்கத்தில் பலரையும் திகைக்க வைத்தன. 2003 ஜனவரியில் எடுக்கப்பட்ட முதல் படத்தில் வயல்கள், மரங்கள், நெருக்கமான வீட்டுக்கூரைகள், நடுவே ஒரு வெள்ளைப் பள்ளிவாசல் எல்லாம் தெளிவாகத் தெரிந்தன. இரண்டாவது படம் 2004 டிசம்பர் 29ஆம் தேதி, அதாவது சுனாமி தாக்கிய மூன்றாம் நாள் எடுக்கப்பட்டது. அதில் வீடுகள் இல்லை, மரங்கள் இல்லை. பழுப்பு நிறச் சேற்று நிலத்தின் நடுவே அந்தப் பள்ளிவாசல் மட்டும் தனியே நின்றது.

ஏறக்குறைய 680 கிலோமீட்டர் உயரத்தில் பறந்துகொண்டிருந்த ஐகோனோஸ் என்ற துணைக்கோளம் எடுத்த படங்கள் அவை. அவற்றைப் பதப்படுத்தி வெளியிட்டது சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தின் தொலையுணர்வு நிலையம். சாலைகள் அறுந்து, தொலைபேசித் தொடர்பும் அற்றுப்போன ஊர்களின் கதியை வெளியுலகுக்கு முதலில் சொன்னவற்றுள் இத்தகைய படங்களும் அடங்கும்.

பூமியை மேலிருந்து பார்க்கும் இந்தக் கண் எப்படித் திறந்தது? யாருக்காகத் திறந்தது? அது கண்டுசொன்னதை வைத்து மனிதர்கள் என்ன செய்தார்கள்? இம்மூன்று கேள்விகளுக்கும் விடை தேடினால் அரை நூற்றாண்டுக்கும் மேற்பட்ட வரலாறு விரிகிறது.

போரில் பிறந்த கண்

விண்வெளியின் விளிம்பிலிருந்து பூமியைப் படம் பிடித்த முதல் சாதனம் ஒரு போர்க்கருவி. இரண்டாம் உலகப் போரில் ஜெர்மனி பயன்படுத்திய வி-2 ஏவுகணைகளை அமெரிக்கா கைப்பற்றிக்கொண்டது. அவற்றுள் ஒன்றில் குண்டுக்குப் பதிலாகப் படக்கருவியைப் பொருத்தி, 1946 அக்டோபர் 24ஆம் தேதி நியூ மெக்சிகோ பாலைவனத்திலிருந்து ஏவினார்கள். சுமார் 105 கிலோமீட்டர் உயரம் சென்று திரும்பிய ஏவுகணை தரையில் மோதிச் சிதறியது. எஃகுப் பெட்டிக்குள் இருந்த படச்சுருள் மட்டும் தப்பியது. கறுப்பு வானம், வளைந்த அடிவானம், மேகத் திட்டுகள். அவ்வளவுதான் அதில் பதிந்திருந்தது. ஆனாலும், அத்தனை உயரத்திலிருந்து தன் வீட்டைத் தானே பார்த்துக்கொள்ளும் வாய்ப்பு மனிதனுக்கு அன்றுதான் முதன்முதலாகக் கிட்டியது.

அடுத்த கட்டம் கெடுபிடிப் போரின் காலம். சோவியத் யூனியனுக்குமேல் பறந்த அமெரிக்காவின் யு-2 வேவு விமானம் 1960 மே முதல் தேதி சுட்டு வீழ்த்தப்பட்டது. அதே ஆண்டு ஆகஸ்ட்டில் 'கொரோனா' என்ற இரகசியத் திட்டம் முதல் வெற்றியைக் கண்டது. படத்தை மின்னலைகளாக அனுப்பும் வசதி அதில் இல்லை. படம் பதிந்த சுருளை ஒரு கூட்டுக்குள் வைத்து விண்ணிலிருந்து கீழே விடுவார்கள். வான்குடை விரித்து இறங்கும் அந்தக் கூட்டை, கொக்கி மாட்டிய விமானம் நடுவானிலேயே பிடித்துச் செல்லும். அந்த ஒரே பயணத்தில் கிடைத்த படங்கள், அதுவரை நடந்த யு-2 பயணங்கள் அனைத்தும் காட்டியதைவிட அதிகமான சோவியத் நிலப்பரப்பைக் காட்டின.

கொரோனா திட்டம் 1972இல் முடிவுற்றது. 1995இல் அமெரிக்க அதிபர் கிளிண்டன் பிறப்பித்த ஆணையால், அத்திட்டத்தின் படங்களும் அதே காலத்து வேவுப் படங்களுமாக 860,000க்கும் மேற்பட்டவை பொதுமக்கள் பார்வைக்கு வந்தன. அதனால் பெரிதும் மகிழ்ந்தவர்கள் தொல்லியல் ஆய்வாளர்கள். மத்தியக் கிழக்கில் பின்னாளில் அணை நீரில் மூழ்கியும் வயல்களுக்காக உழப்பட்டும் அழிந்துபோன பழங்கால மேடுகளும் பாதைகளும் அப்படங்களில் அப்படியே பதிந்திருந்தன. ஏவுகணைத் தளங்களைத் தேடப் போனவர்கள் தங்களை அறியாமலே வரலாற்றைச் சேமித்து வைத்திருந்தார்கள்!

கரடி காத்த தீவு

வேவுக்கு அல்லாமல் நிலம், நீர், காடு, பயிர் ஆகியவற்றை அறிவதற்கென்றே அமெரிக்கா ஒரு துணைக்கோளத்தை 1972 ஜூலை 23ஆம் தேதி ஏவியது. பின்னாளில் அதற்கு லேண்ட்சாட் 1 என்று பெயர் வந்தது. சுமார் 80 மீட்டர் அளவுள்ள நிலப்பகுதி அதன் கண்ணுக்கு ஒரு புள்ளி. ஒரு வீடோ பாலமோ தெரியாது. ஆனால், 18 நாளுக்கு ஒருமுறை அதே இடத்துக்கு மீண்டும் வந்து பார்க்கும். நேற்றையும் இன்றையும் ஒப்பிட்டுப் பார்க்கலாம் என்பதே அதன் தனிச்சிறப்பு.

அந்தப் படங்களை 1976இல் ஆராய்ந்தபோது, கனடாவின் லாப்ரடார் கடற்கரைக்கு அப்பால் எந்த வரைபடத்திலும் இல்லாத ஒரு சிறு தீவு தென்பட்டது. நீளம் 45 மீட்டர், அகலம் 25 மீட்டர். அதை நேரில் உறுதிசெய்ய ஃபிராங்க் ஹால் என்ற கடல் அளவையாளர் ஹெலிகாப்டரிலிருந்து கயிற்றில் இறக்கப்பட்டார். பனி படர்ந்த பாறைமீது படுத்திருந்த பனிக்கரடி ஒன்று கையை ஓங்கி அவரை வரவேற்றது. உடனே மேலே தூக்கிவிடும்படி அவர் சைகை காட்டினார். தீவுக்கு லேண்ட்சாட் தீவு என்றே பெயர் நிலைத்தது. வானத்துக் கண்ணுக்குத் தீவு தெரிந்தது. கரடியோ, இறங்கிப் பார்த்தவருக்குத்தான் தெரிந்தது.

ஒரு காலத்தில் ஆயிரக்கணக்கான டாலர் கொடுத்து வாங்க வேண்டியிருந்த லேண்ட்சாட் படங்கள் 2008இல் இலவசமாக்கப்பட்டன. வசதி குறைந்த நாடுகளின் ஆய்வாளர்களுக்கும் மாணவர்களுக்கும் அப்போதுதான் உண்மையில் கதவு திறந்தது.

காட்டுக்குள் கிடந்த மாநகரம்

கம்போடியாவின் அங்கோர் வாட், 12ஆம் நூற்றாண்டில் இரண்டாம் சூரியவர்மன் திருமாலுக்கு எழுப்பிய ஆலயம். கல்லால் கட்டிய கோயில்கள் நிலைத்தன. மரத்தாலும் ஓலையாலும் கட்டிய மக்களின் வீடுகள் மக்கி மறைந்தன. எனவே, அங்கோர் என்றால் கோயில்களின் தொகுப்பு என்றே நெடுங்காலம் பலர் எண்ணியிருந்தனர். கோயிலைக் கட்டியவர்களும் அதைச் சுற்றி வாழ்ந்தவர்களும் எங்கே போனார்கள்?

1994இல் எண்டெவர் விண்வெளி ஓடம் ரேடார் கருவிகொண்டு அப்பகுதியைப் படம் பிடித்தது. ரேடார் அலைகளுக்கு மேகம் ஒரு தடையன்று. நில மேற்பரப்பின் மேடு பள்ளங்களையும் ஈரத்தையும் வேறுபடுத்திக் காட்ட வல்லவை அவை. பின்னர் 2000ஆம் ஆண்டில் விமானத்திலிருந்தும் ரேடார் படங்கள் எடுக்கப்பட்டன. அவற்றையும் களத்தில் நடந்து சென்று திரட்டிய தகவல்களையும் சேர்த்து, ஆய்வாளர்கள் 2007இல் புதிய வரைபடம் ஒன்றை வெளியிட்டனர். கால்வாய்கள், கரைகள், ஆயிரத்துக்கும் மேற்பட்ட குளங்கள் என ஏறக்குறைய 1,000 சதுர கிலோமீட்டருக்குப் பரந்து கிடந்த குடியிருப்பு அதில் தெரிந்தது. சிங்கப்பூரைவிடப் பெரிய பரப்பு அது. நீர்க்கட்டமைப்பில் உடைப்புகளும் அவற்றைச் சரிசெய்ய முயன்ற தடயங்களும்கூடக் காணப்பட்டன. மன்னர்களின் கல்வெட்டில் இடம்பெறாத உழவர்களின் குளங்கள், 700 ஆண்டுகள் கழித்து வரலாற்றில் இடம்பிடித்தன.

எல்லார் மேசையிலும் பூமி

ஒரு மீட்டர் அளவுள்ள பொருளையும் காட்டவல்ல படங்களை விலைக்கு விற்ற முதல் வணிகத் துணைக்கோளமான ஐகோனோஸ் 1999இல் ஏவப்பட்டது. 2001இல் தொடங்கப்பட்ட கீஹோல் என்ற நிறுவனம், இத்தகைய படங்களை ஒட்டி இணைத்து, கணினித் திரையில் சுழலும் உருண்டையாக்கியது. 2003 ஈராக் போரின்போது அமெரிக்கத் தொலைக்காட்சிச் செய்திகளில் அது இடம்பெற்றது. 2004இல் கூகல் அந்நிறுவனத்தை வாங்கியது. 2005 ஜூனில் 'கூகல் எர்த்' என்ற பெயரில் அது இலவசமாகவே வெளிவந்தது. எகிப்தின் பிரமிடுகளும் துபாய்க் கடலில் பனைமர வடிவில் எழுந்த செயற்கைத் தீவும் வீட்டுக் கணினிக்கே வந்து சேர்ந்தன.

வரவேற்பு இருந்தது. அச்சமும் இருந்தது. அதே ஆண்டு அக்டோபரில், அன்றைய இந்தியக் குடியரசுத் தலைவர் அப்துல் கலாம், முக்கியமான இடங்களின் துல்லியமான படங்கள் யார் கையிலும் கிடைப்பது பயங்கரவாதிகளுக்குத் துணைபோகலாம் என்று எச்சரித்தார். ராக்கெட் தொழில்நுட்பத்தில் ஊறியவர் சொன்ன சொல் என்பதால் அதை எளிதில் ஒதுக்கிவிட முடியவில்லை. 2009இல் இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனமே 'புவன்' என்ற தன் சொந்த வரைபடச் சேவையைத் தொடங்கியது.

அதே கருவியின் இன்னொரு முகத்தையும் காண வேண்டும். 1986இல் மத்தியப் பிரதேசத்தைச் சேர்ந்த ஐந்து வயதுச் சிறுவன் ஒருவன் ரயிலில் தூங்கிப்போய், கல்கத்தாவில் தொலைந்தான். ஆஸ்திரேலியத் தம்பதியர் தத்தெடுத்து வளர்த்த அந்தச் சிறுவன்தான் சரூ பிரையர்லி. ஊரின் பெயர்கூடச் சரியாக நினைவில்லாத அவர், ரயில் தண்டவாளங்களின் வழியே துணைக்கோளப் படங்களில் ஆண்டுக்கணக்கில் தேடினார். சிறுவயதில் பார்த்த ரயில் நிலையத்தையும் தண்ணீர்த் தொட்டியையும் 2011இல் அடையாளம் கண்டார். அதைப் பிடித்துக்கொண்டே கண்ட்வா நகரைக் கண்டறிந்து, பெற்ற தாயிடம் திரும்பினார். கத்தி மருத்துவரிடமும் இருக்கும், கயவனிடமும் இருக்கும் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமா?

படம் சொல்லாதவை

வானிலிருந்து எடுத்தது என்பதாலேயே ஒரு படம் எல்லா உண்மையையும் சொல்லிவிடாது. சீனப் பெருஞ்சுவர் விண்வெளியிலிருந்து வெறுங்கண்ணுக்குத் தெரியும் என்று பல தலைமுறைகள் படித்தன. 2003இல் விண்வெளிக்குச் சென்ற முதல் சீன வீரர் யாங் லிவெய், அது தன் கண்ணுக்குப் படவில்லை என்று கூறினார். சுவர் நீளமானது என்றாலும் அகலம் சில மீட்டர்தான். சுற்றியுள்ள மண்ணின் நிறமே அதற்கும்.

2002இல் தமிழகத்துக்கும் இலங்கைக்கும் இடையே கிடக்கும் மணல்திட்டுகளின் நாசா படம் ஒன்று பரவி, அது மனிதர் கட்டிய பாலம் என்பதற்குச் சான்று என்று பேசப்பட்டது. படம் தங்களுடையதுதான், ஆனால் அந்த விளக்கம் தங்களுடையதன்று என்றது நாசா. திட்டுகளின் வயதையும் தோற்றத்தையும் விண்ணிலிருந்து எடுத்த படத்தைக்கொண்டு மட்டும் முடிவுசெய்ய இயலாது என்பதே அதன் நிலை. நம்பிக்கை வேறு, படம் வேறு. ஒன்றுக்காக மற்றொன்றைச் சாட்சிக் கூண்டில் ஏற்றக்கூடாது.

பார்த்தால் மட்டும் போதுமா?

மத்திய ஆசியாவின் ஏரல் கடல் ஒரு கசப்பான பாடம். 1960இல் சுமார் 68,000 சதுர கிலோமீட்டர் பரப்புடன் உலகின் நான்காவது பெரிய ஏரியாக இருந்தது அது. பருத்தி வயல்களுக்காக அதன் இரு ஆறுகளையும் சோவியத் அரசு திருப்பிவிட்டது. ஏரி சுருங்கியதைத் துணைக்கோளங்கள் ஆண்டுதோறும் படம் பிடித்தன. 1987இல் ஏரி இரண்டாகப் பிரிந்தது. மீன்பிடிப் படகுகள் மணலில் நின்றன. 2014இல் தெற்குப் பகுதியின் கிழக்குப் பாதி முற்றிலும் வறண்டது. உலகமே பார்த்துக்கொண்டிருக்கும்போது ஒரு கடல் செத்தது. கஸக்ஸ்தான் 2005இல் அணை கட்டிய வடபகுதியில் மட்டும் நீரும் மீனும் திரும்பின. கடலை மீட்டது படமன்று, படத்துக்குப் பின் எழுந்த அணை.

மலேசியாவுக்கும் சிங்கப்பூருக்கும் இந்தப் பாடம் புதிதன்று. 1997, 2013, 2015 ஆகிய ஆண்டுகளின் புகைமூட்டத்தை அவ்வளவு எளிதில் மறந்துவிட முடியாது. சுமத்ராவிலும் கலிமந்தானிலும் எரியும் இடங்களை வெப்பப்புள்ளிகளாகத் துணைக்கோளங்கள் எண்ணிக் காட்டின. இவ்விரு நாடுகளும் சொந்தக் கண்களையும் தேடிக்கொண்டன. மலேசியாவின் தியோங்சாட் 2000இலும் ரசாக்சாட் 2009இலும் விண்ணுக்குச் சென்றன. சிங்கப்பூரில் உருவான எக்ஸ்-சாட், தமிழகத்தை ஒட்டியுள்ள ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து 2011இல் ஏவப்பட்டது.

சிங்கப்பூர் 2014இல் இயற்றிய எல்லை கடந்த புகைமூட்டச் சட்டம் இவ்வகையில் கவனிக்கத்தக்கது. வெளிநாட்டு நிலத்தில் எரியும் தீயின் புகை சிங்கப்பூரை நோக்கி வருகிறதா என்பதை அனுமானிக்க, காற்றின் திசை, வேகம் ஆகியவற்றோடு துணைக்கோளத் தகவலையும் அச்சட்டம் ஏற்கிறது. வேவு பார்க்கப் பிறந்த கண், மூச்சுத்திணறும் குழந்தைகளுக்காகச் சாட்சி சொல்லும் நிலைக்கு வந்துவிட்டது.

எனினும், தீ எங்கே எரிகிறது என்பதைத்தான் துணைக்கோளம் சொல்லும். அந்த நிலம் யாருடையது என்பதை நிலப் பதிவேடு சொல்ல வேண்டும். தீ வைத்தவர் யார் என்பதை விசாரணை சொல்ல வேண்டும். தண்டனையை நீதிமன்றம் சொல்ல வேண்டும். லாப்ரடார் தீவுக்குக் கயிற்றில் இறங்கியவரைப்போல, யாராவது ஒருவர் கரடிக்கு அஞ்சாமல் தரையில் இறங்கித்தான் ஆகவேண்டும். கண் காட்டிய வழியில் கால் நடக்காவிட்டால், காட்சிக்கு என்ன பயன்?