நேற்றுக்குத் திரும்பும் உலகங்கள்

கணினி விளையாட்டு என்ற சொல்லைக் கண்டதும் இலக்கிய வாசகர்களில் பலர் பக்கத்தைப் புரட்டிவிடக்கூடும். சற்றுப் பொறுக்க வேண்டுகிறேன். தனியொருவர் ஆடும் விளையாட்டு, ஆட்டம் முடிந்ததும் அணைந்துவிடுகிறது. பலர் கூடி ஆடும் இணைய விளையாட்டு அப்படியல்ல. ஆடுபவர் உறங்கப் போன பின்னும், அவர் கட்டிய வீடும் சேர்த்த பொருளும் பிறரோடு கொண்ட நட்பின் பகையின் தடயங்களும் எங்கோ ஒரு வழங்கியில், சர்வர் என்று நாம் சொல்லும் கணினியில், அப்படியே இருக்கின்றன. அந்தக் கணினி பழுதானால் அவ்வுலகம் என்னவாகும்? அதைப் படியெடுத்து வைப்பவர் யார்? படியிலிருந்து மீட்கும்போது எது திரும்பி வருகிறது, எது வராமற் போகிறது? இக்கேள்விகளுக்கு ஏறத்தாழ அரை நூற்றாண்டு வரலாறு உண்டு. தொழில்நுட்பத்தின் வரலாறாகத் தோன்றும் அது, உள்ளே புகுந்து பார்த்தால் அதிகாரத்தின் வரலாறாகவும் இருக்கிறது.

1978இல் இங்கிலாந்தின் எஸ்ஸெக்ஸ் பல்கலைக்கழகத்தில் ராய் ட்ரப்ஷா என்ற மாணவர் எழுதத் தொடங்கி, பின்னர் ரிச்சர்ட் பார்ட்டில் வளர்த்தெடுத்த ‘மட்’ என்னும் விளையாட்டு இவ்வகையின் முன்னோடி. அதில் படங்கள் கிடையா, எல்லாம் சொற்கள். புதையல்களைத் தேடியெடுத்துச் சதுப்பு நிலத்தில் போட்டால் புள்ளிகள் கிடைக்கும். புதையல்கள் தீர்ந்துவிட்டால் ஆட்டத்திற்கு வேலையில்லை. ஆகவே அவ்வப்போது உலகம் முழுவதும் தொடக்க நிலைக்குத் திருப்பப்படும். திறந்த கதவுகள் மூடிக்கொள்ளும். எடுத்த புதையல்கள் பழைய இடங்களுக்கே போய்விடும். ஆடுபவரின் பெயரும் புள்ளிகளும் மட்டும் வட்டில் எஞ்சும். உலகம் மாயும், ஆள் நிலைப்பார் என்பதே அங்கிருந்த ஏற்பாடு. காக்க வேண்டியவை ஆளுக்குச் சில வரிகள் மட்டுமே.

பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து இந்நிலை தலைகீழாயிற்று. 1990இல் ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்ட்டோ ஆய்வு மையத்தில் பாவெல் கர்ட்டிஸ் ‘லாம்ப்டாமூ’ என்ற உலகைத் தொடங்கினார். அதுவும் சொற்களால் ஆனதே. ஆனால் அங்கு வந்தவர்கள் தாமே அறைகளைக் கட்டலாம், பொருள்களைப் படைக்கலாம், அவற்றுக்கு இயக்கமும் எழுதலாம். உலகம் என்பது இப்போது குடிமக்களின் உழைப்பு. அதை அழித்துத் தொடங்க முடியாது. முழுவதையும் காத்தாக வேண்டும். அந்த உலகம் கணினியின் நினைவகத்தில் இயங்கிற்று. மின்சாரம் போனால் நினைவகம் வெறுமையாகிவிடும். எனவே குறிப்பிட்ட இடைவெளியில், வழக்கமாக ஒரு மணி நேரத்திற்கு ஒருமுறை, உலகம் முழுவதையும் வட்டில் எழுதிவைக்கும் முறை அமைந்தது. எழுதும் வரை எல்லோரையும் அசையாமல் நிற்கச் சொல்ல வேண்டாமா? அதற்கு ஓர் அழகிய வழி இருந்தது. இயங்கும் நிரல் தன்னையே இரண்டாகப் பிரித்துக்கொள்ளும். ஒன்று அக்கணத்தில் உறைந்த உலகை நிதானமாக எழுதிக்கொண்டிருக்கும். மற்றொன்று மக்களோடு தொடர்ந்து வாழ்ந்துகொண்டிருக்கும். இடையில் வழங்கி விழுந்தால், உலகம் கடைசியாக எழுதப்பட்ட கணத்திலிருந்து மறுபடி எழும். அதன்பின் பேசியதும் கட்டியதும் நிகழாதவையாகிவிடும்.

இந்த ‘நிகழாத காலம்’ ஒரு பண்பாட்டையே உருவாக்கியது. 1997இல் வெளியான ‘அல்ட்டிமா ஆன்லைன்’ விளையாட்டில் நாள்தோறும் பராமரிப்புக்காக வழங்கியை நிறுத்துவார்கள். நிறுத்தும் முன் உலகம் எழுதிவைக்கப்படும். எழுதி முடித்ததற்கும் நிறுத்தியதற்கும் இடையே கொஞ்ச நேரம் மீதமிருக்கும். அந்நேரத்தில் செய்வது எதுவும் மறுநாள் இராது என்பதை ஆடுபவர்கள் கண்டுகொண்டார்கள். அமைதியான குடிகள் வாளெடுத்தார்கள். நண்பர்கள் ஒருவரையொருவர் வெட்டி விளையாடினார்கள். ‘சர்வர் போர்’ என்று அதற்குப் பெயரும் உண்டாயிற்று. விளைவற்ற செயல் என்றால் மனிதர் என்ன செய்வார் என்ற பழைய அறவியல் கேள்விக்கு, ஒரு காப்பு அட்டவணையின் இடைவெளி அன்றாட அரங்கு அமைத்துத் தந்தது.

உலகம் ஒரே கணினியில் இருக்கும்வரை அக்கணத்தை உறைய வைப்பது எளிது. பல கணினிகளில் பரந்து கிடந்தால்? இக்கேள்விக்கான விடை விளையாட்டு உலகிற்கு வெளியே ஏற்கெனவே கிடைத்திருந்தது. 1985இல் கே. மணி சாண்டியும் லெஸ்லி லாம்போர்ட்டும் ஓர் ஆய்வுரை வெளியிட்டனர். சாண்டி சென்னை ஐ.ஐ.டி.யில் பொறியியல் பயின்றவர். வலசை போகும் பறவைகள் நிறைந்த வானத்தை ஒரே புகைப்படத்தில் அடக்க முடியாது. பலர் பல துண்டுகளாக எடுத்து ஒட்ட வேண்டும். பறவைகளோ பறந்துகொண்டே இருக்கின்றன. இப்படியொரு உவமையால் அவர்கள் சிக்கலை விளக்கினார்கள். ஒரே பறவை இரண்டு படங்களிலும் வந்துவிடக்கூடாது. எதிலும் வராமலும் போய்விடக்கூடாது. ஒட்டிய படம் தனக்குள் முரணற்றதாக இருக்க வேண்டும்.

விளையாட்டு வழங்கியை நடத்துபவர்கள் இப்பாடத்தைப் பெரும்பாலும் பட்டே கற்கிறார்கள். ‘மைன்கிராஃப்ட்’ விளையாட்டை எடுத்துக்கொள்வோம். அதில் நிலம் தனிக் கோப்புகளிலும் ஆட்களின் உடைமைகள் வேறு கோப்புகளிலும் இருக்கின்றன. 512 கட்ட நீளமும் அதே அகலமும் கொண்ட நிலப்பகுதிக்கு ஒரு கோப்பு. ஆளுக்கு ஒரு கோப்பு. பெட்டிக்குள் இருக்கும் வைரம் நிலத்தின் கோப்பைச் சேர்ந்தது. கையிலிருக்கும் வைரம் ஆளின் கோப்பைச் சேர்ந்தது. ஒருவர் இன்று பெட்டியிலிருந்து வைரத்தை எடுத்தார் என்று கொள்வோம். நிலத்தை மட்டும் நேற்றைய படியிலிருந்து மீட்டால், பெட்டியிலும் வைரம், கையிலும் வைரம். அவர் இன்று வைரத்தைப் பெட்டியில் வைத்திருந்தால், அதே மீட்பில் வைரம் எங்குமே இராது. ஒன்று கள்ளச் செல்வம், மற்றது காரணமற்ற வறுமை. ஆகவேதான் ‘சேவ்-ஆஃப்’ என்ற கட்டளையால் தானாக எழுதுவதை நிறுத்தி, ‘சேவ்-ஆல்’ என்ற கட்டளையால் நினைவகத்தில் இருப்பதையெல்லாம் வட்டில் இறக்கி, உலகின் கோப்புறை முழுவதையும் ஒருசேரப் படியெடுத்து, ‘சேவ்-ஆன்’ என்ற கட்டளையால் மீண்டும் எழுதத் தொடங்க வேண்டும். கடைசிக் கட்டளையை மறந்தால் வேறோர் ஆபத்து. ஆட்டம் வழக்கம்போல நடக்கும், எதுவும் வட்டை அடையாது. மின்சாரம் போகும் நாளில்தான் அது தெரியவரும்.

தொழில்நுட்பம் இவ்வளவில் நின்றுவிடுகிறது. இனி வருவதே உண்மையான சிக்கல். யாரோ ஒருவர் குறும்பாக ஊரையே கொளுத்திவிட்டார். நிர்வாகியிடம் நேற்றைய படி இருக்கிறது. மீட்டால் ஊர் திரும்பும். ஆனால் இன்று தொலைவில், இச்செய்தியே அறியாமல் பாலம் கட்டி முடித்த இன்னொருவரின் பாலம் போய்விடும். தனிமனிதர் தம் கட்டுரையின் பழைய படிக்குத் திரும்பினால் இழப்பு அவரோடு போயிற்று. பொது உலகில் ஒருவரின் நீதி, மற்றவரின் நாளை விலையாகக் கேட்கிறது. நேற்று யாருக்கு நல்லதாக இருந்தது என்பதே மீட்பின் அரசியல். படியைக் கையில் வைத்திருப்பவர் அவ்வுலகின் அரசர். காலத்தைப் பின்னுக்குத் தள்ளும் ஆணை அவரிடம் இருக்கிறது.

அந்த ஆணையைப் பயன்படுத்தாமல் விட்டவர்களும் உண்டு. அதற்குச் சற்றுப் பின்னோக்கி, 1986க்குச் செல்ல வேண்டும். லூகாஸ்ஃபிலிம் நிறுவனத்தில் சிப் மார்னிங்ஸ்டாரும் ராண்டி ஃபார்மரும் உருவாக்கிய ‘ஹாபிடாட்’ உலகில் விற்கும் இயந்திரங்களும் அடகு பிடிக்கும் இயந்திரங்களும் இருந்தன. விலை நிர்ணயத்தில் நேர்ந்த பிழையால், ஓர் இயந்திரத்தில் 75 காசுக்குக் கிடைத்த பொம்மையை அடகு இயந்திரம் 100 காசுக்கு எடுத்துக்கொண்டது. 18,000 காசுக்குக் கிடைத்த பளிங்குக் கோளத்தை 30,000 காசுக்கு எடுத்துக்கொண்டது. இதைக் கண்டுபிடித்த சிலர் இரவெல்லாம் ஓடியோடி வாங்கி விற்றனர். விடிந்தபோது அவ்வுலகின் மொத்தப் பணம் ஐந்து மடங்காகியிருந்தது. படைத்தவர்கள் அந்த இரவைத் துடைத்தெறியவில்லை. எப்படிச் சேர்த்தீர்கள் என்று ஆடியவர்களிடமே மன்றாடிக் கேட்டுத் தெரிந்துகொண்டார்கள். திடீர்ச் செல்வர்களோ அப்பணத்தைக் கொண்டு ஊருக்கே புதையல் வேட்டைகள் நடத்தினார்கள். நேற்றைக்குத் திருப்பியிருந்தால் கணக்கு நேராகியிருக்கும். அவ்வேட்டைகள் நடந்திரா.

மீட்கும் விருப்பம் இருந்தும் மீட்க முடியாத நிலையும் உண்டு. 2021 மார்ச் 10ஆம் நாள் நள்ளிரவுக்குப் பின், பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர்க் நகரில் ரைன் நதிக்கரையில் இருந்த ஓவிஎச் நிறுவனத்தின் தரவு மையத்தில் தீப்பற்றியது. ஐந்து மாடிக் கட்டடம் ஒன்று முற்றிலும் எரிந்தது. பக்கத்துக் கட்டடத்தின் பன்னிரண்டு அறைகளில் நான்கு அழிந்தன. உயிர்ச்சேதம் இல்லை. ‘ரஸ்ட்’ விளையாட்டின் ஐரோப்பிய வழங்கிகள் இருபத்தைந்து அங்கிருந்தன. அவை முற்றாக அழிந்தன என்றும், தரவை மீட்க இயலாது என்றும் விளையாட்டை நடத்தும் ஃபேஸ்பஞ்ச் நிறுவனம் அறிவித்தது. வேறு சில வாடிக்கையாளர்களின் காப்புப்படிகளும் மூலத்தோடு சேர்ந்து எரிந்தன. வழக்குகள் நீதிமன்றம் சென்றன. மூன்று படிகள், இரண்டு வகை ஊடகம், ஒன்று வேறிடத்தில் என்று புகைப்படக் கலைஞர் பீட்டர் க்ரோ பரப்பிய எளிய விதியின் கடைசிப் பகுதிக்கு அன்றிரவு பொருள் விளங்கியிருக்கும். ஒரே கூரையின்கீழ் இருக்கும் படி, தீயின் கணக்கில் படியே அல்ல.

இதில் கவனிக்கத்தக்க ஒன்று உண்டு. ‘ரஸ்ட்’ தன் உலகைத் தானே அழித்துக்கொள்ளும் விளையாட்டு. ஒவ்வொரு மாதமும் முதல் வியாழக்கிழமை அதன் நிலங்கள் துடைக்கப்பட்டுப் புதிதாகத் தொடங்குகின்றன. அம்மாதம் முதல் வியாழன் மார்ச் 4. ஆக, அந்த நிலங்களின் வயது ஆறே நாள். தீ தின்றிருக்காவிட்டாலும் அடுத்த மாதம் அவை இருந்திரா. அப்படியானால் இழப்பு ஏதுமில்லையா? உண்டு என்பேன். வியாழக்கிழமை அழிவு எல்லோரும் அறிந்து ஒப்புக்கொண்ட விதி. அதை எண்ணியே ஒவ்வொருவரும் தம் கோட்டையை எழுப்புகிறார்கள். ‘மட்’ உலகின் குடிகளும் அப்படியே வாழ்ந்தார்கள். தீயின் அழிவில் எவர் ஒப்புதலும் இல்லை. அழிவைவிட, அறிவிக்கப்படாத அழிவே மனிதரை உலுக்குகிறது.

ஆகவே ஒரு பொது உலகை நடத்துபவரிடம் குடிகள் கேட்க வேண்டியவை மூன்று: எத்தனை மணிக்கொருமுறை படியெடுக்கிறீர்கள்? அப்படியிலிருந்து ஒருமுறையேனும் மீட்டுப் பார்த்தீர்களா? எங்கள் நாளை அழித்து நேற்றைக் கொண்டுவரும் முடிவை யார், யாரைக் கேட்டு எடுப்பார்கள்? முதலிரண்டுக்கும் பொறியாளர்கள் விடை சொல்வார்கள். மூன்றாவதற்கு விடை எழுதிவைக்கப்பட்ட இடத்தில்தான் குடிமை தொடங்குகிறது.