வசந்தசேனா (மௌனப்படம்)

மோகன் தயாராம் பவ்னானி இயக்கியது; சூத்ரகர் இயற்றியதாக வழங்கும் ‘மிருச்சகடிகம்’ என்னும் வடமொழி நாடகத்தைத் தழுவியது. எனாக்ஷி ராமராவும் கமலாதேவி சட்டோபாத்யாயும் நடித்தனர். வெளிவந்த ஆண்டு 1931 என்பது பெருவழக்கு. கன்னட நாட்டின் முதல் மௌனப்படம் என இதனைப் போற்றுவார் உளர். எனினும் பேச்சில்லாப் படத்தை ஒரு மொழிக்கு உரித்தாக்குவது ஐயத்துக்கு இடமானதே. காட்சிகளினிடையே வரும் எழுத்தட்டையை மாற்றினாலே மௌனப்படம் எம்மொழிக்கும் இயைந்துவிடும்.

இந்தியாவில் உருவான ஏறத்தாழ 1,300 மௌனப்படங்களுள் எஞ்சியவை மிகச் சில. ஆதலின் கதையை அறிய நாடகத்தையே நாடவேண்டும். அதில் வரும் கள்வன் சர்விலகன் என்னும் அந்தணன். நாயகி வசந்தசேனையின் பணிப்பெண்ணாகிய மதனிகையை அடிமை நீக்கி மணக்கப் பொருள் வேண்டி, நாயகன் சாருதத்தன் இல்லத்தில் அவன் கன்னமிடும் மூன்றாம் அங்கம் தனிச்சுவை உடையது. கந்தவேளைத் தொழுது, தாமரை, பிறை, பூரணகும்பம் முதலிய துளை வடிவங்களை ஆராய்ந்து, சுட்ட செங்கற் சுவருக்குக் கும்பமே தகும் எனத் தேர்ந்து, அளவுநூலை மறந்து வந்தமையால் பூணூலையே அளவுநூலாக்கி, இடையில் பாம்பு தீண்டிய விரலையும் அதனாலேயே கட்டிக்கொண்டு அவன் தொழில் செய்யும் நேர்த்தி, சாத்திரம் கற்ற ஆசாரியன் ஒருவனுடையதே. உறக்கத்தில் பிதற்றும் சாருதத்தனின் நண்பன் மைத்திரேயன் நகைப்பேழையைத் தானே அவன் கையில் கொடுத்துவிடுகிறான்!

அந்நகை வசந்தசேனை சாருதத்தனிடம் அடைக்கலமாக வைத்தது. அதனைச் சாருதத்தன் அனுப்பியதாகச் சொல்லி அவளிடமே திருப்பிக் கொடுக்குமாறு சர்விலகனுக்கு மதனிகை அறிவுறுத்த, மறைந்திருந்து யாவும் கேட்ட வசந்தசேனை, அறியாதவள்போலவே நடித்து மதனிகையை விடுவித்து அவனுக்கே அளிக்கிறாள். தண்டனையன்று, இப்பெருந்தன்மையே அவனை மாற்றுகிறது. மணந்த அன்றே நண்பன் ஆரியகனைச் சிறைமீட்கப் புறப்பட்டவன், இறுதி அங்கத்தில் சாருதத்தனிடம் களவை ஒப்புக்கொண்டு சரண்புக, சாருதத்தன் அவனைத் தழுவிக்கொள்கிறான்.

பண்டிதமணி மு. கதிரேசச் செட்டியார் இந்நாடகத்தை ‘மண்ணியல் சிறுதேர்’ எனத் தமிழாக்கினார். 1941இல் இக்கதை கன்னடத்தில் பேசும்படமாக வந்தது. 1984இல் கிரீஷ் கர்னாட் இயக்கிய ‘உத்சவ்’ என்னும் இந்திப் படத்தில் சங்கர் நாக் கள்வனாக நடித்தார். அங்கு அவன் பெயர் சஜ்ஜல். இக்கதையையே கூறும், பாசர் இயற்றியதாகச் சொல்லப்படும் ‘சாருதத்தம்’ என்னும் நாடகத்தில் வரும் கள்வனின் பெயர் சஜ்ஜலகன்.