சிறுதேர்: ஏறிச் செல்லாத வண்டியின் வரலாறு

தென்காசியை அடுத்த ஆய்க்குடி, கடையெழு வள்ளல்களுள் ஒருவனான ஆய் அண்டிரனின் ஊர் என்பது நெடுநாளைய வழக்கு. உறையூர் ஏணிச்சேரி முடமோசியார் அவனைப் புறநானூற்றில் பல பாடல்களில் பாடியிருக்கிறார். வடக்கே இமயத்துக்கு ஈடாகத் தெற்கே நின்று உலகைச் சாயாமல் காப்பது ஆய்குடி என்பது அவர் துணிபு. யானைகளை வாரி வழங்கியவன் என்று புகழப்பட்ட அந்த வேளுக்குத் ‘தேர்வேள்’ என்ற அடைமொழியும் அவர் பாட்டில் உண்டு. வேகம், செல்வம், வீரம் மூன்றையும் ஒருசேரக் காட்டிய வண்டி அன்று தேர்தான். ஊரார் வியந்து பார்த்த அந்த வண்டியைச் சிறிதாகச் செய்து பிள்ளைகள் கையில் கொடுக்கும் வழக்கமும் சங்க காலத்திலேயே வேரூன்றியிருந்தது.

விளையாட்டு வண்டி அதற்கும் மிக மூத்தது. சிந்துவெளி ஊர்களில் சுடுமண்ணால் செய்த சிறு மாட்டுவண்டிகள் ஏராளமாகக் கிடைத்திருக்கின்றன. தமிழ்நாட்டுச் சிறுதேரோ மரத்தால் ஆனது; மண்ணுக்குள் மட்கிப்போகும். அதன் வரலாற்றுக்கு இலக்கியமே முதல் சாட்சி. அந்தச் சாட்சியம் வியக்கத்தக்க அளவுக்குத் துல்லியமானது.

குறுந்தொகையின் 61ஆம் பாடலில், தச்சன் செய்து கொடுத்த குதிரை பூட்டிய சிறுவண்டியைத் தும்பிசேர் கீரனார் காட்டுகிறார். பிள்ளைகள் அதில் ஏறிச் செல்ல முடியாது. கையால் இழுத்துத் திரிவதிலேயே இன்பம் காண்கிறார்கள். தலைவனைத் தழுவாவிட்டாலும் அவனோடுள்ள நட்பே போதும் என்று சொல்வதற்குத் தோழி இதை உவமையாக எடுக்கிறாள். மாதிரி வண்டி செய்கிறவர்களின் மனத்தை இதைவிடச் சுருக்கமாகச் சொன்னவர் இல்லை.

கடியலூர் உருத்திரங்கண்ணனார் தம் இரு நூல்களிலும் சிறுதேரைக் கொண்டுவருகிறார். பட்டினப்பாலையில் காவிரிப்பூம்பட்டினத்து வீட்டு முற்றத்தில் நெல் காய்கிறது. கொத்த வரும் கோழியை விரட்டப் பெண்கள் பொற்குழையைக் கழற்றி எறிகிறார்கள். அந்தக் குழை, பிள்ளைகள் உருட்டிவரும் மூன்று சக்கரச் சிறுதேரை வழிமறிக்கிறது. சோழநாட்டின் செல்வத்தைச் சொல்ல வந்த இடம்தான். ஆனால் குதிரை இல்லாமல் மூன்று சக்கரத்தில் ஓடும் விளையாட்டு வண்டியின் அமைப்பும் அதில் பதிவாகிவிட்டது. பெரும்பாணாற்றுப்படை காட்டுவது உழவர் வீடு. அங்கே பிள்ளைகள் உருட்டும் தேர், தச்சர் வீட்டுச் சிறுவர்களும் ஆசைப்படும்படி செய்யப்பட்டது.

போர்த்தேர் மறைந்து கோயில் தேர் வளர்ந்தபோது சிறுதேரும் இறைவனோடு சேர்ந்துகொண்டது. மணிமேகலையின் மலர்வனம் புக்க காதையிலேயே இதன் தொடக்கம் தெரிகிறது. தளர்நடைப் பிள்ளைகளைப் பொற்சிறுதேரின் மேலிருக்கும் யானையில் ஏற்றிவைத்து, முருகன் விழா தொடங்கிவிட்டதாகப் பெண்கள் கொண்டாடுகிறார்கள். பின்னர் பிள்ளைத்தமிழ் இலக்கணம் வகுத்த பத்துப் பருவங்களில், ஆண்பாலுக்குரிய கடைசிப் பருவமாகச் சிறுதேர் அமைந்தது. பகழிக்கூத்தரின் திருச்செந்தூர்ப் பிள்ளைத்தமிழும், ஸ்ரீவைகுண்டத்தில் பிறந்த குமரகுருபரரின் முத்துக்குமாரசுவாமி பிள்ளைத்தமிழும் குழந்தை முருகனைச் சிறுதேர் உருட்டும்படி வேண்டுகின்றன. ஆய்க்குடிக் கோயிலிலும் முருகன் பாலசுப்பிரமணியராக, குழந்தை வடிவிலேயே வழிபடப்படுகிறார்.

காலத்துக்குக் காலம் மக்கள் வியக்கும் வண்டி மாறுகிறது. அதைச் சிறிதாக்கும் ஆசை மாறுவதில்லை. இருபதாம் நூற்றாண்டு அமெரிக்கா இதற்கு நல்ல சான்று. ஜெனரல் மோட்டார்ஸின் பிஷர் பாடி பிரிவு 1930இல் சிறுவர்களுக்கான மாதிரி செய்யும் போட்டியைத் தொடங்கியது. முதலில் கேட்டது காரை அல்ல; குதிரைகள் இழுக்கும் அரச வண்டியைத்தான். 1937 முதல் பன்னிரண்டில் ஒரு பங்கு அளவுள்ள கார்களுக்கும் இடம் கிடைத்தது. போட்டி 1968 வரை நடந்தது. கல்லூரிப் படிப்புக்கான உதவித்தொகையே பெரும்பரிசு. அதில் வென்ற சக் ஜோர்டன் பின்னாளில் அதே நிறுவனத்தின் வடிவமைப்புத் துறைத் தலைவரானார். சங்கத் தச்சனின் பட்டறை வேறொரு கண்டத்தில் மறுபடி திறந்தது போன்ற கதை இது.

போட்டி ஓய்வதற்குள் மாதிரிக் கார் பெட்டியில் அடைத்த பாகங்களாகக் கடைக்கு வந்துவிட்டது. 1948இல் டெட்ராய்ட் வட்டாரத்தில் தோன்றிய ஏஎம்டி நிறுவனம், கார் விற்பனையாளர்கள் விளம்பரத்துக்குக் கொடுக்கும் சிறு கார்களை வார்த்துத் தந்தது. 1958இல் ஒரே பெட்டியிலிருந்து மூன்று விதமாகச் செய்யத்தக்க பாகத் தொகுப்பை அறிமுகப்படுத்தியது. அமெரிக்க மாதிரிகளில் வழக்கமாகிப்போன அளவு இருபத்தைந்தில் ஒரு பங்கு. 1964இல் வந்த பான்டியாக் ஜிடிஓ, 6.4 லிட்டர் வி8 எஞ்சினை நடுத்தரக் காருக்குள் பொருத்தி மசில் கார் என்ற வகைக்கே வழிவகுத்தது. அதன் நீளம் ஏறத்தாழ 5.16 மீட்டர், மாதிரியிலோ 20 சென்டிமீட்டர் சொச்சம். பாலிஸ்டைரீன் சட்டத்திலிருந்து பாகங்களை வெட்டி, விளிம்பைத் தேய்த்து, பசையிட்டு ஒட்டி, எஞ்சினையும் சக்கரங்களையும் தனித்தனியே வண்ணம் பூசிப் பொருத்த வேண்டும். காப்பீட்டுக் கட்டணமும் புகைக் கட்டுப்பாட்டுச் சட்டங்களும் 1973 எண்ணெய் நெருக்கடியும் அசல் மசில் காரை ஒடுக்கிவிட்டன. மாதிரிகள் மட்டும் இன்றும் விற்கின்றன.

தென்பொதிகைப் பக்கம் சிறுதேர் மரபைக் காப்பது அம்பாசமுத்திரத்தின் கடைசல் பட்டறை. சொப்புச் சாமான் என்றதும் அம்மி, உரல், திருகை, அடுப்புதான் பலருக்கு நினைவுக்கு வரும். நடைவண்டியும் அதே தொழிலில் பிறப்பதுதான். சுழலும் மரத்தில் உளியை வைத்து உருவைக் கடைவார்கள். பிறகு சாயம் கலந்த அரக்குக் குச்சியை அழுத்திப் பிடிப்பார்கள். உராயும் சூட்டில் அரக்கு இளகி மரத்தோடு ஒட்டும்; ஓலையால் தேய்த்தால் மினுமினுக்கும். மஞ்சள் கடம்பு மரத்துக்குப் பேர்போன இந்தத் தொழில் இன்று பெரும்பாலும் தைல மரத்தை நம்பியிருக்கிறது. அங்கிருந்து வரும் நடைவண்டிக்கும் பட்டினப்பாலைத் தேரைப் போல மூன்று சக்கரம்.

பட்டறைக்குப் போக வழியில்லாத பிள்ளைகளுக்குப் பனை இருந்தது. தின்று முடித்த நுங்குக் கூந்தல் இரண்டை ஒரு குச்சியில் கோத்து, கவட்டைக் கம்பால் தள்ளினால் நுங்கு வண்டி. காசில்லாமல் கிடைத்த இந்தச் சிறுதேரைப் பற்றி யாரும் விரிவாக எழுதிவைக்கவில்லை. பிளாஸ்டிக் நடைவண்டி மலிவு. ஆனால் அது சங்கத் தச்சனின் வாரிசு அல்ல. குற்றாலச் சீசனுக்கு வருகிறவர்கள் அருவியில் குளித்துவிட்டு அப்படியே ஊர் திரும்பாமல், அம்பாசமுத்திரம் வரை போய் ஒரு மர நடைவண்டி வாங்கினால் இந்தத் தொழில் இன்னும் ஒரு தலைமுறை நிற்கும்.