இதுவரை சரிந்ததில்லை

நான் ரயில்வேயில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவன். செங்கோட்டை – புனலூர் மலைப்பாதை மீட்டர் கேஜாக இருந்த காலம். ஓர் ஐப்பசி இரவு, பாதையில் மண் சரிந்து எங்கள் வண்டி நடுவழியில் நின்றுவிட்டது. “சார், எப்ப கிளம்பும்?” என்று பெட்டிக்குப் பெட்டி கேட்டார்கள். என்னிடம் பதில் இல்லை. அதனால்தானோ என்னவோ, 1910-இல் அமெரிக்காவில் நடந்த ஒரு பனிச்சரிவைப் பற்றிப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

வாஷிங்டன் மாநிலத்தில், காஸ்கேட் மலைமேல், 2.6 மைல் நீளமுள்ள ரயில் சுரங்கத்தின் மேற்கு வாயிலில் வெலிங்டன் என்றொரு சிறிய ஸ்டேஷன் இருந்தது. அந்தப் பிப்ரவரிக் கடைசியில் பெய்த கடும் பனியில் ஒரு பாசஞ்சர் வண்டியும் ஒரு தபால் வண்டியும் அங்கே நாள்கணக்கில் மாட்டிக்கொண்டன. பனியை வெட்டித் தள்ளும் இயந்திரங்களும் சரிவுகளுக்கு நடுவே சிக்கின. நிலக்கரியும் தட்டுப்பட்டது.

சுரங்கத்தின் மறுமுனையில் சமையல் கொட்டகைமேல் பனி விழுந்து இரண்டு பேர் இறந்தார்கள். அதைக் கேள்விப்பட்ட பயணிகள், வண்டியைச் சுரங்கத்துக்குள் தள்ளிவிடச் சொல்லி மன்றாடினார்கள். அதிகாரிகள் சம்மதிக்கவில்லை. உள்ளே குளிரும் ஈரமும். என்ஜின் புகை மூச்சை அடைத்துவிடும். அதோடு, வண்டி நின்ற இடத்தில் இதுவரை பனி சரிந்ததே இல்லை. அந்த நியாயம் எனக்குப் புரிகிறது. நானும் அதையேதான் சொல்லியிருப்பேன்.

ஆனால் மேலே இருந்தது பழைய மலை இல்லை. காட்டுத்தீயில் மரங்கள் எரிந்து சரிவு மொட்டையாகிக் கிடந்தது. பனியைப் பிடித்து நிறுத்த ஒன்றுமில்லை. பனி அடுக்கடுக்காகப் படிவது. நடுவில் ஓர் அடுக்கு சரியாக ஒட்டாவிட்டால், மேலே சேரும் பாரமெல்லாம் வழுக்கக் காத்திருக்கும். கடைசி நாளில் குளிர் தணிந்து மழை வந்தது. மழை வந்தால் பனி கரையும், நல்லதுதானே என்று நமக்குத் தோன்றும். உண்மையில் மழைநீர் பாரத்தைக் கூட்டிப் பிடிப்பைத் தளர்த்திவிடும்.

மார்ச் 1 அதிகாலை, இடி மின்னலுக்கு நடுவே பனி பாளமாகப் பெயர்ந்து வந்தது. தூங்கிக்கொண்டிருந்தவர்களோடு இரண்டு வண்டிகளையும் 150 அடி கீழே பள்ளத்தில் தள்ளியது. 96 பேர் இறந்தார்கள். அதில் பாதிக்கு மேல் ரயில்வே ஊழியர்கள். முந்தைய நாள்களில் துணிந்து மலையிறங்கி நடந்த சில பயணிகள் தப்பினார்கள். 1929-இல் 7.8 மைல் நீளத்துக்குப் புதிய சுரங்கம் திறந்ததும் அந்தப் பாதையே கைவிடப்பட்டது.

எங்கள் வண்டி நின்ற இரவில், வயதான கேங்மேன் ஒருவர் லாந்தரோடு வந்தார். “இங்க நிக்க வேண்டாம் சார். மேல ஓடைச் சத்தம் மாறியிருக்கு” என்றார்.

“இந்த இடத்துல சரிஞ்சதே இல்லையே அண்ணாச்சி” என்றேன்.

“இதுவரை இல்ல சார்” என்றார்.

டிரைவரிடம் பேசி, வண்டியைப் பின்னுக்கு எடுத்து ஸ்டேஷனிலேயே நிறுத்தினோம். விடியும்வரை அங்கே ஒரு கல்கூட விழவில்லை. வீணாகத் தாமதமாக்கினேன் என்று பயணிகள் திட்டினார்கள். அன்று வருத்தமாக இருந்தது. வெலிங்டனைப் பற்றிப் படித்த பிறகு அந்த வருத்தம் போய்விட்டது.