மீசை வைத்த அம்மாவும் ஒரு பாட்டில் தண்ணீரும்

அகமதாபாத்தின் ஜூன் மாத வெயிலைப் பற்றி இங்கே இருப்பவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. அப்படி ஒரு ஜூனில்தான், ஏழெட்டு வருஷத்துக்கு முன்னால், எங்கள் வீட்டுக் குட்டி எல்.கே.ஜி. சேர்ந்தாள். முதல் நாள் அழவே இல்லை. கையை ஆட்டிவிட்டு உள்ளே போய்விட்டாள். அழுதது தங்கமணிதான். (நான் அழவில்லை. கண்ணில் தூசி.)

மத்தியானம் திரும்பி வந்தபோது பாட்டில் தண்ணீர் கொண்டுபோனபடியே இருந்தது. பைக்குள் ஒரு பிளாஸ்டிக் கவரில் ஈரத்துணி.

"ஏண்டா கண்ணா, மிஸ்கிட்ட சொல்லலையா?"

"சொன்னேம்ப்பா. மிஸ்ஸுக்கு உச்சான்னா என்னன்னே தெரியலப்பா."

பாட்டில் விஷயமும் அதேதான். மூடி இறுக்கமாக இருந்திருக்கிறது. திறந்து கொடுங்கள் என்பதை எந்த பாஷையில் கேட்பது என்று அவளுக்குத் தெரியவில்லை. 40 டிகிரி வெயிலில் நாலு மணி நேரம் தண்ணீரைக் கையில் வைத்துக்கொண்டு தாகமாக உட்கார்ந்திருக்கிறாள்.

இரண்டு வாரம் கழித்துப் பள்ளியில் கூப்பிட்டார்கள். ரொம்ப மரியாதையாகத்தான் சொன்னார்கள். "வீட்டில் உங்கள் பாஷையைக் கொஞ்ச நாள் நிறுத்தி வையுங்கள். இங்கிலீஷோ ஹிந்தியோ பேசுங்கள். குழந்தை குழம்புகிறாள்." நாங்களும் கேட்டோம். படித்தவர்கள் இல்லையா! மூன்று மாதம் வீட்டில் ஓட்டை இங்கிலீஷ். குட்டி பள்ளியில் பேச ஆரம்பிக்கவில்லை; வீட்டில் பேசுவதையும் குறைத்துக்கொண்டாள். திருநெல்வேலியிலிருந்து அம்மா போனில், "ஏல, பிள்ள ஏன் எங்கிட்ட பேச மாட்டேங்கா?" என்று கேட்டபோது என்னிடம் பதில் இல்லை.

எதிர் பிளாட்டில் ஓய்வுபெற்ற குஜராத்தி ஆசிரியை ஒருவர் இருந்தார். குஜராத் வழக்கப்படி எல்லோருக்கும் அவர் 'பென்', அக்கா. அவரிடம் புலம்பியபோது, "நீங்க கீஜுபாய் படிச்சதில்லையா?" என்றார். படித்ததில்லை. அப்படி ஆரம்பித்ததுதான் இந்தத் தேடல். பள்ளியின் முதல் வருஷம் என்பது நம் நாட்டில் எப்படி இருந்தது, எப்படி மாறியது என்று தேடியதில் கிடைத்ததை உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

மணலில் விரல்

1823இல் பல்லாரி கலெக்டராக இருந்தவர் ஏ.டி. காம்ப்பெல். பல்லாரி அப்போது சென்னை மாகாணத்தில் இருந்தது. தன் ஜில்லாவின் பள்ளிக்கூடங்களைப் பற்றி அவர் அனுப்பிய அறிக்கையைத் தரம்பால் தன் 'தி பியூட்டிஃபுல் ட்ரீ' (1983) நூலில் முழுசாகச் சேர்த்திருக்கிறார்.

குழந்தைக்கு ஐந்து வயதில் நல்ல நாள் பார்த்துச் சேர்ப்பார்கள். பிள்ளையார் பூஜை. குழந்தையின் விரலைப் பிடித்து அரிசியில் எழுத வைப்பார்கள். நம் வீடுகளில் விஜயதசமிக்கு இன்றும் செய்வதுதான். அப்புறம் பல மாதம் தரையில் பரப்பிய மணலில் விரலால் எழுத்துப் பழக்கம்.

காலை ஆறு மணிக்குப் பள்ளி. முதலில் வரும் பையனுக்கு உள்ளங்கையில் சரஸ்வதி பெயரை எழுதுவார்கள். இரண்டாவதாக வருபவனுக்கு ஒரு சுழி. மூன்றாவது பையனுக்கு லேசாக ஒரு அடி, நாலாமவனுக்கு இரண்டு, இப்படி ஏறிக்கொண்டே போகும். கடைசியில் வருபவன் நிலைமையை நினைத்துப் பாருங்கள்!

எழுத்தோடு சேர்த்து ஒரு பாடத்தையும் அந்தக் குழந்தைகள் முதல் வருஷத்திலேயே படித்துவிடுகிறார்கள். பள்ளி என்றால் பயம்.

பெரிய பையன்கள் சின்னப் பையன்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் சட்டாம்பிள்ளை முறையைக் காம்ப்பெல் பாராட்டுகிறார். இங்கிலாந்து அதைக் காப்பியடித்ததையும் சொல்கிறார். 1787இல் சென்னைக்கு வந்த ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார், எழும்பூர் அநாதைப் பள்ளியை நடத்தியபோது, நம் பள்ளிப் பிள்ளைகள் மணலில் எழுதுவதைப் பார்த்து அதையே தன் பள்ளியிலும் ஆரம்பித்தார். பிறகு ஊருக்குப் போய் 1797இல் புத்தகம் போட்டார். 'மெட்ராஸ் முறை' என்ற பெயரில் அது இங்கிலாந்தில் பரவியது.

ஆனால் காம்ப்பெல் ஒரு குறையும் சொல்கிறார். பிள்ளைகள் மனப்பாடம் செய்யும் செய்யுள்கள் பேச்சுமொழியில் இல்லை. நூற்றுக்கணக்கில் ஒப்பிக்கிறார்கள், கிளிக்கு எவ்வளவு அர்த்தம் தெரியுமோ அவ்வளவுதான் இவர்களுக்கும் தெரியும் என்கிறார். இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. எங்கள் குட்டி முதல் மாதம் கற்றுக்கொண்டு வந்தது மழையைப் போகச் சொல்லும் இங்கிலீஷ் பாட்டு. ஊரே மழை எப்போது வரும் என்று வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்த நேரம் அது :-)

அதே அறிக்கையில் இன்னொரு கணக்கு. ஜில்லாவில் மொத்தம் 533 பள்ளிகள். கன்னடம் 235, தெலுங்கு 226, மராட்டி 23, சமஸ்கிருதம் 23, பாரசீகம் 21. தமிழ் 4. இங்கிலீஷ் 1. இருநூறு வருஷத்துக்கு முன்னால் பல்லாரியில் தமிழ்ப் பள்ளிகள் நாலு, இங்கிலீஷ் பள்ளி ஒன்றே ஒன்று!

வக்கீல் வாத்தியார் ஆன கதை

குஜராத்திலும் பழைய பள்ளிக்குப் பெயர் 'தூளி நிஷாள்', அதாவது புழுதிப் பள்ளிக்கூடம். பலகையில் புழுதியைப் பரப்பி அதில் எழுத்து. போர்பந்தரில் தன் முதல் பள்ளியைப் பற்றிக் காந்தி சுயசரிதையில் எழுதியிருக்கிறார். வாய்ப்பாடு பெரும் பாடாக இருந்ததாம். மற்றப் பையன்களோடு சேர்ந்து வாத்தியாரைத் திட்டக் கற்றுக்கொண்டதுதான் நினைவில் இருக்கிறதாம்.

கீஜுபாய் பதேகா 1885இல் சௌராஷ்டிரத்தில் பிறந்தவர். 1907இல் கிழக்கு ஆப்பிரிக்காவுக்குப் பிழைக்கப் போய்த் திரும்பியவர், அதாவது நம்மைப் போலவே ஊர் விட்டு ஊர் போனவர். வந்து வக்கீல் தொழில். 1913இல் மகன் பிறந்தான். இவனை எந்தப் பள்ளியில் சேர்ப்பது என்ற கவலை வந்தது. தேடும்போது மாண்டிசோரி முறை பற்றிய புத்தகம் கையில் கிடைத்தது. அதோடு வக்கீல் தொழிலின் ஜாதகம் முடிந்தது. 1916இல் பாவ்நகரில் நானாபாய் பட் நடத்திய தக்ஷிணாமூர்த்தி வித்யார்த்தி பவனில் சேர்ந்தார். 1920இல் அங்கே சின்னக் குழந்தைகளுக்காக 'பால மந்திர்' ஆரம்பித்தார்.

அடி கிடையாது. பரிசும் கிடையாது. தேர்வு கிடையாது. கதை, பாட்டு, நாடகம், மண்வேலை, தோட்டம், வெளியே உலாத்தல். மாண்டிசோரி சொன்ன கருவிகளோடு உள்ளூர்ப் பாட்டும் கதையும் சேர்ந்துகொண்டன. எல்லாம் குழந்தை வீட்டில் பேசும் குஜராத்தியில். பெரிய மீசை வைத்த இந்த மனிதருக்கு குஜராத் வைத்த பெயர் 'மூச்சாளி மா', மீசை வைத்த அம்மா. இதைவிடப் பெரிய பட்டம் ஒரு ஆம்பிளைக்கு யார் கொடுக்க முடியும், சொல்லுங்கள்!

அவருடைய 'திவாஸ்வப்ன' (பகல் கனவு) கதை வடிவில் எழுதியது. லக்ஷ்மிராம் என்ற வாத்தியார் ஒரு வருஷம் நாலாம் வகுப்பை வாங்கிப் பரிசோதனை செய்கிறார். முதல் நாள் அமைதி விளையாட்டு விளையாடலாம் என்று போகிறார். பையன்கள் கூச்சலில் வகுப்பே கலகலத்துப்போகிறது. தோற்றுப்போய் எல்லோரையும் வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார். மறுநாள் கதை சொல்கிறார். அப்புறம்தான் பையன்கள் வசமாகிறார்கள். தன் தோல்வியில் புத்தகத்தை ஆரம்பிக்கிற அந்த நேர்மை எனக்குப் பிடித்தது.

ஐந்து மாத இடைவெளி

கீஜுபாய் 1939 ஜூன் மாதம் இறந்தார். அதே வருஷம் நவம்பரில், தியசாபிகல் சொசைட்டி அழைப்பில், மரியா மாண்டிசோரியே சென்னை அடையாறுக்கு வந்து பயிற்சி வகுப்பை ஆரம்பித்தார். முந்நூறு பேருக்கு மேல் சேர்ந்தார்கள். ஐந்தே மாதம்! படிக்கும்போது மனசு ஒரு மாதிரி ஆகிவிட்டது.

1940இல் இத்தாலி போரில் எதிர்ப்பக்கம் சேர்ந்ததும் பிரிட்டிஷ் அரசு அவர் மகன் மரியோவை அகமத்நகர் முகாமில் அடைத்தது. மாண்டிசோரியின் 70வது பிறந்தநாளுக்கு, ஆகஸ்ட் 31 அன்று, விடுவித்தது. 1942 முதல் 1944 வரை கொடைக்கானல் வாசம். பாஷை தெரியாத ஊரில், போர்க்காலத்தில், பிரிந்திருந்து சேர்ந்த அம்மாவும் பிள்ளையும்.

முற்றத்துக்கு வந்த பள்ளி

பாவ்நகரில் கீஜுபாயோடு வேலை பார்த்தவர் தாராபாய் மோடக். மும்பையில் பிறந்த மராட்டிப் பெண்மணி. குஜராத்தில் கற்று, குஜராத்தியில் எழுதியவர். பாலர் பள்ளி நடுத்தர வர்க்கத்தோடு நின்றுவிடக் கூடாது என்று 1945இல் தாணா மாவட்டக் கடலோரம் போர்டி கிராமத்துக்குப் போனார். அனுதாய் வாக் கூடச் சேர்ந்தார். ஆதிவாசிக் குழந்தைகள் பள்ளிக்கு வரவில்லை. அப்படியானால் பள்ளி அவர்கள் முற்றத்துக்குப் போகட்டும் என்றார். 'ஆங்கன்' என்றால் முற்றம். அங்கன்வாடி என்ற சொல் அப்படி வந்ததுதான். விதை, இலை, கூழாங்கல், சிப்பி, இவைதான் பாடக் கருவிகள். 1957இல் இந்த வேலை கோஸ்பாட் மலைக்கு இடம் மாறியது. 1975 அக்டோபர் 2 அன்று மத்திய அரசு 33 வட்டாரங்களில் ஐ.சி.டி.எஸ். திட்டத்தை ஆரம்பித்தபோது அங்கன்வாடி நாடு முழுக்கப் போனது.

நம் பங்கு

2020 தேசியக் கல்விக் கொள்கை 3 முதல் 8 வயது வரை ஒரே அடித்தளக் கட்டம் என்கிறது. முடிந்த இடங்களில் ஐந்தாம் வகுப்பு வரையாவது வீட்டுமொழியில் கற்பிக்கச் சொல்கிறது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் நம்மைப் போன்றவர்களின் வீட்டுமொழி எந்தப் பள்ளியில் இருக்கிறது? அகமதாபாத்தில் தமிழ்த் தொழிலாளர் பிள்ளைகள் படித்துவந்த தமிழ்வழிப் பள்ளி ஒன்று அதே 2020இல் மாணவர் குறைவு என்று மூடப்பட்டது. செலவைத் தமிழக அரசே ஏற்கும் என்று அப்போதைய முதல்வர் எடப்பாடி பழனிசாமி குஜராத் முதல்வருக்குக் கடிதம் எழுதினார். ஆனால் குறைந்த மாணவர்களில் என் வீட்டுப் பிள்ளையும் ஒன்றுதானே? நான் அந்தப் பள்ளிப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. மற்றவர்களைக் குறை சொல்லும்போது இது எனக்கு நினைவுக்கு வந்துவிடுகிறது.

அதனால் எங்களால் முடிந்ததைச் செய்தோம். தீபாவளி லீவோடு வீட்டில் இங்கிலீஷை நிறுத்தினோம். எதிர் பிளாட் பென் உதவியோடு தங்கமணி ஒரு அட்டையில் ஐந்து தமிழ்ச் சொற்களைக் குஜராத்தி எழுத்தில் எழுதினாள். தண்ணி, உச்சா, பசி, வலிக்குது, திறந்து குடுங்க. பக்கத்தில் அர்த்தம். வகுப்பு ஆயாவிடம் கொடுத்தோம். ஆயா அதை வாங்கிப் படித்து, சிரித்து, புடவைத் தலைப்பில் முடிந்துகொண்டார். புதிதாகப் பிள்ளையைச் சேர்ப்பவர்கள் யாராவது இதைப் படித்தால், சேர்க்கிற அன்றே இப்படி ஒரு அட்டை கொடுத்துவிடுங்கள். நாங்கள் நாலு மாதம் தாமதித்துவிட்டோம்.

அம்மாவுக்கு மறுபடி போனில் கதை கிடைக்க ஆரம்பித்தது. பொங்கல் வாக்கில் குட்டி குஜராத்தியிலும் சண்டை போட ஆரம்பித்துவிட்டாள்.

வருஷக் கடைசியில் ஒரு நாள் கூட்டிவரப் போயிருந்தேன். வராந்தாவில் ஒரு பட்டேல் வீட்டுப் பையன் காலைப் பின்னிக்கொண்டு நின்றான். ஆயா குனிந்து அவனைக் கேட்டார், "உச்சா?"

அவன் வேகமாகத் தலையாட்டினான்.